மதுரையில் விமானம் ஏறுமுன் காபியும் பலகாரமும்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் விடியுமுன்பே வண்டி ஏறிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு பறக்காமலிருக்கச் சில குறிப்புகள்.

1. வழியனுப்ப வந்தவர்களோடு வெளியிலேயே சாப்பிட்டு முடியுங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் இல்லாதவர்களை முனையத்துக்குள் விடமாட்டார்கள். பெருங்குடியிலோ அவனியாபுரத்திலோ வண்டியை நிறுத்தினால் சுடச்சுட இட்லி, வடை சாப்பிடலாம். வேலைக்காக வெளிநாடு போகிறவர் இனி எப்போது வருவாரோ! அம்மாவோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து காபி குடிக்க அரைமணி நேரம் கட்டாயம் ஒதுக்குங்கள். உள்ளே போன பிறகு இன்னொரு காபி போதும்.

2. அந்த இரண்டாவது காபியைப் பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகே வாங்குங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுகிறார்கள். ஏறும் வாசலை 25 நிமிடம் முன்பு. வாசல் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

3. தைப்பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்று ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோடு வழியாக வாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் வீட்டிலிருந்து முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும்.

4. கட்டிக்கொண்டு போவதற்குப் பொடி இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. இட்லி நன்றாக ஆறிய பிறகு பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவுங்கள். சூட்டோடு தடவி மூடினால் வேர்த்து நசநசத்துப் போகும். வாழையிலையைத் தணலில் வாட்டி, ஈரம் துடைத்து, ஓர் இலைக்கு நான்கு இட்லி வீதம் மடித்து வையுங்கள். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம். மதுரை வெயிலில் சீக்கிரம் ஊசிவிடும்.

5. ஊறுகாய், மிளகாய்த்தூள் இரண்டையும் கைப்பையில் வைக்காதீர்கள். பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். வெளிநாட்டு விமானமென்றால் சாம்பார், தயிர், நெய் எல்லாமே திரவக் கணக்குதான். கைப்பையில் ஒரு பாத்திரத்துக்கு 100 மில்லிக்கு மேல் கூடாது. துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் கசகசாவை எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் மலையில் இருக்கிற அளவுக்குக் குறைந்துவிடும். வயிற்றிலுள்ள வாயு விரியும். அதனால் சுண்டல், உருளைக்கிழங்கு போண்டா, சோடா ஆகியவற்றை ஏறுமுன் தவிர்ப்பது நல்லது. மெஷின் காபியில் பல இடங்களில் சர்க்கரை முன்பே கலந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பிடிக்கச் சொல்லுமுன் கேட்டுவிடுங்கள்.

7. பாட்டில் தண்ணீருக்கும் பிஸ்கட்டுக்கும் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. கூடுதலாகக் கேட்டால் பில் வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சென்னையில் மாறிச் செல்கிறவர்கள், உள்நாட்டு முனையத்தில் 2025-இல் திறந்த உடான் யாத்ரி கஃபேயைத் தேடிப் பாருங்கள். திறந்தபோது அங்கே டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய். சாதாரணக் குடும்பங்கள் பறக்கிற எல்லா ஊரிலும் இப்படி ஒரு கடை வேண்டும்.