மழை வர்றதுக்கு முன்னாடி உங்க போன் தயாரா?

உங்க அம்மாவோட போன் நம்பர் மனப்பாடமா தெரியுமா? போனைப் பார்க்காம ஒருமுறை சொல்லிப் பாருங்க. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் என்னால் சொல்ல முடியலை.

அப்போ நான் கல்லூரி முதலாம் ஆண்டு. சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோயில். மழையில் தினமும் ரயில் ஏறி வர முடியாததால், சைதாப்பேட்டையில் தோழிகளோட தரைத்தள அறையில் தங்கியிருந்தேன். 1-ஆம் தேதி முழுக்க மழை. ராத்திரி கரண்ட் போச்சு. விடியறதுக்கு முன்னாடி கட்டிலுக்குக் கீழே தண்ணி. மாடிக்கு ஓடும்போது கையில் இருந்தது போன் மட்டும்தான், அதிலும் சார்ஜ் இல்லை. உதவித்தொகை விண்ணப்பத்துக்காகக் கொண்டுவந்த பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

மேல்வீட்டு அக்காவோட போனில் மட்டும் அப்பப்போ சிக்னல் வந்தது. "வீட்டுக்குப் பேசும்மா"ன்னு கொடுத்தாங்க. வாங்கிட்டு அப்படியே நின்னேன். ஒரு நம்பரும் ஞாபகம் வரலை. கடைசியில் நினைவுக்கு வந்தது, எங்க தெருமுனை மளிகைக்கடை போர்டில் தினமும் பார்த்த நம்பர். கடைக்கார அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னார்.

தண்ணீர் ஏன் அவ்வளவு வேகமாக வந்தது?

டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரி நீர் திறக்கப்பட்டது. தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் சேர்ந்தது. அதனால, உங்க தெருவில் எவ்வளவு மழைன்னு மட்டும் பார்த்தா போதாது. ஆற்றின் மேல்பகுதியில் எவ்வளவுன்னும் பார்க்கணும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. நம்பரை எழுதி வையுங்கள்: வீட்டார் இருவர், வெளியூர் உறவினர் ஒருவர் என மூன்று நம்பர்களை அடையாள அட்டையின் பின்னால் எழுதி வையுங்க. அழைப்பு போகலைன்னா எஸ்எம்எஸ் அனுப்புங்க. சிக்னல் கொஞ்சமாக இருந்தாலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

2. சான்றிதழை டிஜிலாக்கரில் சேருங்கள்: என் சான்றிதழ் தண்ணியில் ஊறிப்போச்சு. வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு நடத்திய சிறப்பு முகாமில் கட்டணமில்லாமல் விண்ணப்பித்து நகல் வாங்கினேன். ஆனா உதவித்தொகைக்கான கடைசி நாள் அதற்குள் முடிஞ்சிருந்தது. டிஜிலாக்கர் அப்போ வந்து அஞ்சு மாசம்தான், எனக்குத் தெரியாது. இப்போ உங்க பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களை அதில் பெறலாம். அசலுக்குச் சமமாக அது ஏற்கப்படும். நெட் இல்லாத நேரத்துக்காக ஒரு நகலைப் பதிவிறக்கமும் செய்துக்கங்க.

3. டிஎன் அலர்ட் செயலியை நிறுவுங்கள்: தமிழிலேயே வானிலை எச்சரிக்கை, மழை அளவு, நீர்த்தேக்க நிலவரம் பார்க்கலாம். போனில் திடீர்னு சத்தத்தோடு வரும் அவசர எச்சரிக்கையை ஆஃப் பண்ணாதீங்க.

4. உதவி எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108.

5. எச்சரிக்கை வந்த அன்று: போன், பவர் பேங்க் இரண்டையும் முழுசா சார்ஜ் பண்ணுங்க. தரைத்தளத்தில் இருந்தால் ஆவணங்களை உயரத்தில் வையுங்க. தண்ணீர் உள்ளே வரும் முன்பே மெயின் சுவிட்சை அணைச்சிட்டு மாடிக்குப் போயிடுங்க.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து இன்னைக்கும் எத்தனையோ மாணவர்கள் காலையில் ரயில் ஏறி சென்னைக்குப் படிக்கப் போறாங்க. உங்க வீட்டிலும் ஒருத்தர் இருந்தா, இந்தக் கட்டுரையை அவங்களுக்கு அனுப்பி வையுங்க. அதுக்கு முன்னாடி போனைக் கீழே வச்சிட்டு, ஒரு பேப்பரில் அம்மா நம்பரை எழுதுங்க.