இணைந்து உருண்ட சக்கரங்கள்

நுழையும்முன்

ஒரு வேலையைச் செய்து முடிப்பது ஒரு திறன். ஒன்றையொன்று சார்ந்த பல வேலைகளை ஒரே இலக்கை நோக்கி நடத்திச் செல்வது அதனினும் பெரிய திறன். வணிக நிறுவனங்கள் இன்று தனித்துறையாகப் போற்றும் இத்திறன், புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் அறிவொளி விளக்கின் கீழும் மிதிவண்டியின் மீதும் செயல்பட்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

கண்மாய் தரும் விளக்கம்

ஏரிகளும் கண்மாய்களும் நிறைந்த நிலம் புதுக்கோட்டை. வானம் பார்த்த பூமியான இங்கே மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்ததும், மிகைநீர் கலிங்கு வழியே வெளியேறி அடுத்த கண்மாய்க்குச் செல்லும். அதுவும் நிறைந்தபின் நீர் அதற்கும் கீழே உள்ளதைத் தேடிப் போகும். ஒரு கண்மாயைத் தூர்வாரிக் கரையை உயர்த்தினாலும், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் உழைப்பு வீணாகும். ஒவ்வொரு கண்மாயும் தனித்தனியே செம்மையாக இருந்தால் மட்டும் போதாது. அவற்றை இணைக்கும் வழிகளும் செம்மையாக இருத்தல் வேண்டும். திட்டங்களுக்கும் இது பொருந்தும்.

திட்டமும் திட்டத்தொகுப்பும்

தொடக்கம், முடிவு, செலவு, விளைவு ஆகியவை வரையறுக்கப்பட்ட பணியே திட்டம். ஒரு நிறுவனம் புதிய ஆலையைத் தொடங்க விரும்பினால் கட்டடம் எழுப்புதல், இயந்திரம் நிறுவுதல், பணியாளரைப் பயிற்றுவித்தல், விற்பனையாளரைக் கண்டறிதல் எனப் பல திட்டங்கள் எழும். கட்டடம் குறித்த நாளில் முடிந்தும், இயந்திரத்தை இயக்கப் பயின்றவர் இல்லையெனில் ஆலை ஓடாது. இவ்வாறு தொடர்புடைய திட்டங்களை ஒரே பொறுப்பின்கீழ்க் கொணர்ந்து, தனித்தனியே நடத்தினால் கிடைக்காத பயனைப் பெறுவதே திட்டத்தொகுப்பு மேலாண்மை. "வேலை முடிந்ததா?" என்று திட்டம் கேட்கும். "நாடிய மாற்றம் நிகழ்ந்ததா?" என்று திட்டத்தொகுப்பு கேட்கும்.

எழுத்தைத் தேடிச் சென்ற இயக்கம்

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கப்பட்டது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும், அம்முறை நாடெங்கும் பரவியது. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஊதியம் பெறாத இளம் தொண்டர்கள் ஆகியோர் ஒன்றிணைந்தனர்.

வயலிலும் குவாரியிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில்தான் படிக்க இயலும். எனவே தெருவிளக்கின் கீழும் வீட்டுத் திண்ணையிலும் வகுப்புகள் கூடின. படிக்கும் ஆவலைத் தூண்டக் கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சென்றன. கற்பிக்கும் சொற்களும் மக்களின் வாழ்க்கையிலிருந்தே எடுக்கப்பட்டன.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. கற்பிக்க முன்வந்தோரிலும் கற்க வந்தோரிலும் பெண்கள் மிகுதி. ஊர்களோ ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன, பேருந்துகள் குறைவு. தந்தையோ கணவரோ உடன்பிறந்தவரோ அழைத்துச் சென்றாலன்றிப் பெண்ணொருத்தி அடுத்த ஊருக்குச் செல்வது அரிதாயிருந்தது. பாடநூல் ஆயத்தமாயிருந்தும் அதைக் கொண்டுசெல்லும் வழி அடைபட்டிருந்தது.

சக்கரம் ஏறிய கல்வி

அந்த அடைப்பை நீக்கியது மிதிவண்டி. மிதிவண்டி ஓட்டப் பழகுவதும் அறிவொளியின் ஒரு கூறாயிற்று. பயிற்சி மட்டும் போதாது, வண்டியும் வேண்டும் என்பதை உணர்ந்த மாவட்ட நிருவாகம், பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக்கடன் கிடைக்க வழிசெய்தது. பெண்களுக்கான வண்டிகள் கடைகளில் போதாமற்போனபோது, ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே பலர் வாங்கினர். அவ்வண்டியின் குறுக்குத்தண்டில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பதையும் அவர்கள் கண்டுகொண்டனர்.

1992 அனைத்துலக மகளிர் நாளன்று ஏறத்தாழ 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி நடத்தினர். பதினெட்டு மாதங்களுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என இதழாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார்.

எழுத்தறிவுக்குத் துணையாக வந்த மிதிவண்டி, தன் எல்லையைக் கடந்தது. அதில் தண்ணீர்க் குடங்கள் ஏறின. விளைபொருள்கள் சந்தைக்குச் சென்றன. பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. தொடக்கத்தில் எழுந்த ஏளனச் சொற்களைப் பொருட்படுத்தாமல் பெண்கள் தம் விருப்பப்படி புறப்பட்டுச் சென்று திரும்பினர். ஒரு திட்டத்தின் கருவி, மற்றொரு மாற்றத்தின் வாயிலானது.

கல்லும் கணக்கும்

மாவட்டத்தின் கல்குவாரிகளில் பெண்கள் நெடுங்காலமாகக் கூலிக்குக் கல் உடைத்து வந்தனர். குத்தகையும் வருவாயும் ஒப்பந்தக்காரரிடம் இருந்தன. இந்நிலையில் பெண்கள் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விடும் திட்டம் செயல்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 170 குவாரிகள் 4,000க்கும் மேற்பட்ட பெண்களின் பொறுப்பில் வந்தன.

குத்தகை பெற்றால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். ஏற்றிச்செல்லும் பாரத்தை எண்ண வேண்டும். வரவு செலவு எழுத வேண்டும். கைநாட்டு வைத்தவர் பிறர் சொன்ன கணக்கையே நம்ப வேண்டியவர். எழுத்தறிந்தவர் அக்கணக்கைச் சரிபார்க்கலாம். ஆகவே இரவு வகுப்பில் கற்ற எண், பகலில் குவாரியில் பயன்பட்டது. குடுமியான்மலைக் குவாரிப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதோடு பிறருக்கும் கற்பித்தனர். கல்வி, போக்குவரத்து, கடன், தொழில் என்னும் நான்கும் ஒன்றன் நீரை மற்றொன்று பெறும் கண்மாய்களாயின.

ஒருங்கிணைப்பின் கூறுகள்

இவ்வரலாற்றிலிருந்து திட்டத்தொகுப்பு மேலாண்மையின் நான்கு கூறுகளை அறியலாம்.

முதலாவது, பொது இலக்கு. எழுத்தறிவும் மிதிவண்டியும் குவாரியும் வெவ்வேறு வேலைகள். ஏழை மக்கள், சிறப்பாகப் பெண்கள், தம் வாழ்வைத் தாமே நடத்துதல் என்பதே அவற்றைப் பிணைத்த இலக்கு. இரண்டாவது, சார்புநிலையை அறிதல். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதைக் கண்டு, தடை உள்ள இடத்தில் முதலில் கைவைத்தல் வேண்டும். மூன்றாவது, வளங்களைப் பகிர்தல். ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி ஆட்களைத் தேடாமல், ஊர்தோறும் உருவான தொண்டர் அணியையே பல பணிகளுக்கும் பயன்படுத்தலாம். நான்காவது, முடிவெடுக்கும் பொறுப்பு. வங்கி, கல்வித்துறை, கனிமத்துறை ஆகியவை தத்தம் வழியில் செல்லும்போது, அவற்றை ஒரே மேசையில் அமர்த்தும் அதிகாரமும் அக்கறையும் ஒருவரிடம் இருத்தல் வேண்டும்.

நிலைத்த பயன்

1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அறிவிப்பு என்பது முடிவன்று. புதிதாகக் கற்ற எழுத்து, பயன்படுத்தாவிடில் மறந்துபோகும். குத்தகை புதுப்பிக்கப்படாவிடில் பெண் மீண்டும் கூலியாளாவாள். தலைமை ஏற்றவர் மாறிச் செல்லும்போது இணைப்புகளைக் காப்பவர் இல்லையெனில், ஒவ்வொரு துறையும் தன் பழைய தனிவழிக்குத் திரும்பிவிடும். இதனை முன்னறிந்தே எழுத்தறிவு இயக்கத்தில் தொடர்கல்வி என்னும் அடுத்த கட்டம் வகுக்கப்பட்டது. பயனைப் பெறுவதற்குத் திட்டமிடுவது போலவே, பெற்ற பயனைக் காப்பதற்கும் திட்டமிடல் வேண்டும்.

வரத்துக்கால் பார்ப்போர் கண்ணில் படுவதில்லை. கரையும் நீர்ப்பரப்புமே கண்ணில் படும். ஆனால், நீர் வருவது அந்தக் கால்வாய் வழியேதான். ஒருங்கிணைப்பும் அத்தகையதே. அது கல்வெட்டில் பொறிக்கப்படுவதில்லை. அது இல்லாத இடத்தில், முடிந்த வேலைகள் பலவாகவும் விளைந்த பயன் சிலவாகவும் இருக்கும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் 2001-02ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு வழங்கப்பட்டுப் பின்னர் பிற மாணவர்க்கும் விரிவுபடுத்தப்பட்டது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளியில் நடைபெறவுள்ள ஆண்டுவிழாவை ஒரு திட்டத்தொகுப்பாகக் கொண்டு, அதிலுள்ள தனித்திட்டங்களையும் அவற்றின் சார்புநிலையையும் படமாக வரைக.

2. உங்கள் ஊரில் அறிவொளி இயக்கத்தில் கற்றவர் அல்லது கற்பித்தவரைச் சந்தித்து, அவர்தம் பட்டறிவைக் கட்டுரையாக எழுதுக.

3. 'தனித்தனியே முடிந்தும் இணையாததால் பயன்தராத பணிகள்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.