பளபளத்தால் நல்ல சிலிண்டரா?

கவரைப்பேட்டை ஜி.என்.டி. ரோட்டோரம் ஒரு பைக் என்ஜினைப் பிரித்துப் போட்டால் போதும், டீ கிளாஸோடு நிற்கிறவர்கள் எல்லாருமே மெக்கானிக் ஆகிவிடுவார்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் நான்கு பேச்சுகள் இவை.

நம்பிக்கை: இரும்பு பிளாக்தான் உழைக்கும், அலுமினியம் தேய்ந்துபோகும்.

உண்மை: 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டின் பழைய புல்லட்டுக்கு வார்ப்பிரும்பு சிலிண்டர்தான். இன்று அலுமினியம் வந்ததற்குக் காரணம், எடை குறைவு; சூட்டையும் வேகமாக வெளியேற்றும். உரசலைத் தாங்க உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவோ (உள்குழாய்) நிக்கல் பூச்சோ இருக்கும். யமஹா ஆர்15இன் ‘டயாசில்’ சிலிண்டரில் ஸ்லீவே இல்லை. சுமார் 20 சதவீத சிலிக்கான் கலந்த அலுமினியம் அது. கடினமான சிலிக்கான் துகள்களே பிஸ்டன் ரிங்கைத் தாங்குகின்றன.

நம்பிக்கை: வார்ப்பிரும்பு மட்டமான சரக்கு.

உண்மை: அதில் 3 சதவீதத்துக்கு மேல் கரி உண்டு. அது செதில் செதிலான கிராபைட்டாக, அதாவது பென்சில் கரியாக, இரும்புக்குள் கிடந்து உரசலைக் குறைக்கிறது. ஸ்லீவைப் பெரும்பாலும் சுழலும் அச்சில் வார்ப்பார்கள். கனமான இரும்பு வெளிப்பக்கம் போய் அப்பும். லேசான கசடு உள்பக்கம் ஒதுங்கும். பிறகு கடைசலில் அந்த உள்பக்கத்தைச் சீவி எறிந்துவிடுவார்கள்.

நம்பிக்கை: சிலிண்டருக்குள் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும்.

உண்மை: புது ஸ்லீவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாய் முடைந்ததுபோல மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டி ஓடும். ஹோனிங் கல் வேண்டுமென்றே போட்ட கோடுகள் அவை. ஆயில் தங்குவது அவற்றில்தான். கோடுகள் அழிந்து பளபளத்தால் வண்டி ஆயில் சாப்பிடும், சைலன்சரில் நீலப் புகை வரும்.

நம்பிக்கை: போர் போட்டால் என்ஜின் ஆயுள் முடிந்தது.

உண்மை: ஸ்லீவ் உள்ள சிலிண்டரைக் கடைந்து 0.25, 0.50 மி.மீ. என்று பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்; வண்டி நன்றாகவே ஓடும். பூச்சு சிலிண்டரில் அப்படிச் செய்தால் பூச்சே போய்விடும்.

போர் போடச் சொல்கிறார்களா? சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவுங்கள். பிஸ்டன் நின்று திரும்பும் அந்த இடத்தில்தான் சூடு அதிகம், ஆயில் குறைவு. தேய்மானமும் அங்கேதான் மிகுதி. நகம் படியில் இடறுவதுபோல் தடுக்கினால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்லீவா பூச்சா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.