புலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் எவ்வளவு?

ஆரணிப் பக்கம் மனை வாங்கப் போறீங்களா? தறிக்கொட்டகை போட இடம் பார்த்து வைத்திருக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த சர்வே எண்ணுக்கான புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அரசின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் திருவண்ணாமலை மாவட்டம், ஆரணி வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் என்று கொடுத்தால் படம் வரும். நகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் தேவை.

படத்தில் 1:1000 அல்லது 1:2000 என்று போட்டிருக்கும். அதுதான் அளவை, ஸ்கேல். 1:1000 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 1000 சென்டிமீட்டர். அதாவது 10 மீட்டர். 1:2000 என்றால் 20 மீட்டர்.

நெசவாளர்களுக்கு இது புதுசு இல்லை. கிராஃப் தாளில் உள்ளங்கை அகலத்துக்கு வரைந்த மயில், சேலையில் கட்டைவிரல் அளவுக்குத்தானே வருகிறது? அங்கே பெரிதாக்கி வரைகிறோம், இங்கே சுருக்கி.

பரப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1:1000 படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 100 சதுர மீட்டர், ஒரு ஏர். நம்ம கணக்கில் ஏறக்குறைய 2.47 சென்ட். 1:2000 படத்தில் அதே கட்டம் இரண்டு ஏர் அல்ல, நான்கு ஏர்.

இன்னொரு சிக்கல், பிரின்ட். தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரின்டர் படத்தைச் சுருக்கிவிடும். ஆனால் 1:1000 என்ற எழுத்து அப்படியே இருக்கும்! 90 சதவீதமாகச் சுருங்கிய தாளில், 20 மீட்டர் முகப்பு 1.8 சென்டிமீட்டராகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்தால் 18 மீட்டர் என்று கணக்கு வரும். ஆறரை அடி காணோம்! பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைக்குப் போக இது போதாதா?

சரிபார்ப்பது சுலபம். படத்தில் கோடுகளின் மேல் நீளம் எழுதியிருக்கும். 40.0 என்று எழுதிய கோடு, 1:1000 படத்தில் சரியாக 4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 3.6 தான் இருக்கிறதா? தாள் சுருங்கியிருக்கிறது, நிலம் இல்லை. எழுதிய எண்ணையே நம்புங்கள். செல்போன் திரையில் அளப்பது வேண்டவே வேண்டாம். பழைய படங்களில் எண்கள் மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கலாம். 100 லிங்க்ஸ் என்பது ஒரு சங்கிலி, 66 அடி.

எண்ணும் தரையும் ஒத்துப்போகவில்லை, எல்லைக் கல்லையும் காணோம் என்றால், இ-சேவை மையத்திலோ இணையவழியிலோ நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரையும் கூட நிற்கச் சொல்லுங்கள்.