புதிய நகரம் கோரும் விண்ணப்பமும் அதனால் எழும் வழக்கும்

ஓர் ஊரின் ஜனங்கள் தங்கள் வரிப்பணம் தங்கள் ஊருக்கே செலவாக வேண்டுமென்றும், தங்கள் காரியங்களைத் தாங்களே நிர்வகிக்க வேண்டுமென்றும் விரும்புவது இயல்பு. ஆனால் விருப்பம் மாத்திரம் ஒரு ஸ்தாபனத்தை உண்டாக்கிவிடாது. கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்வதில் ஈடுபட்ட அங்கத்தினர்கள் இதை அநுபவத்தில் அறிவார்கள். எத்தனை பேர் ஒப்பமிட்டனர், சங்கத்தின் எல்லை எது, பணம் எங்கிருந்து வரும், காரியங்கள் எவ்வாறு நடைபெறும் என்னும் கேள்விகளுக்கு எழுத்து மூலமாக விடை கூறவேண்டும்.

நகரம் ஒன்றை அமைப்பதிலும் இக்கேள்விகளே எழுகின்றன. எனினும் இரண்டுக்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. சங்கத்தில் சேர மனமில்லாதவனைச் சங்கம் கட்டுப்படுத்துவதில்லை. நகரமோ தன் எல்லைக்குள் வசிக்கும் யாவரையும், அதை வேண்டாமென்றவரையுங்கூடக் கட்டுப்படுத்தும். எல்லைக்கு வெளியே உள்ளவர்களின் பொது வருமானத்தையும் அது குறைக்கக்கூடும். ஆகவேதான் நகரம் கோரும் விண்ணப்பங்கள் பல நீதிமன்றம் வரையில் செல்லுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லூயிசியானா மாகாணத்தைச் சேர்ந்த செயின்ட் ஜார்ஜ் என்னும் பகுதியின் வரலாறு இவ்விஷயத்தை நன்கு விளக்கும்.

1. சட்டத்தின் நிலை

அமெரிக்காவின் மத்திய அரசியல் சட்டத்தில் நகரங்களைப் பற்றிய பேச்சே இல்லை. நகரத்தைப் படைப்பதும், அதன் எல்லையை மாற்றுவதும், அதைக் கலைப்பதும் அந்தந்த மாகாணத்தின் அதிகாரம். ஆகையால் நகரம் அமைத்துக்கொள்ளும் உரிமை ஜனங்களுக்குப் பிறப்பிலேயே வாய்த்ததன்று. மாகாணச் சட்டம் அளித்தது. சட்டம் வகுத்த வழியிலேயே அதைப் பெறவேண்டும்.

லூயிசியானாவின் சட்டம் வகுத்த வழியாவது: எந்த நகரத்திலும் சேராத ஒரு பகுதியின் வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர் விண்ணப்பத்தில் ஒப்பமிடவேண்டும். நிலங்கள் ஒன்றையொன்று தொடர்ந்திருக்க வேண்டும். எல்லை விவரம், ஜனத்தொகை, நிலம் கட்டடங்களின் மதிப்பு, நகரத்தின் பெயர் ஆகியவற்றை விண்ணப்பத்தில் குறிக்கவேண்டும். புதிய நகரம் ஜனங்களுக்குச் செய்யப்போகும் பொதுச் சேவைகள் இவை, அவற்றைச் செய்வதற்குரிய திட்டம் இது என்றும் கூறவேண்டும். வாக்காளர் பதிவு அதிகாரி ஒப்பங்களைச் சரிபார்த்து அத்தாட்சி அளித்தால், கவர்னர் தேர்தலுக்கு உத்தரவிடுவார். அப்பகுதியின் வாக்காளர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் நகரம் அமையும்.

ஆனால் இதனோடு முடியவில்லை. தேர்தலுக்குப் பின்பும், அப்பகுதியின் வாக்காளரோ, பாதிக்கப்படக்கூடிய வேறு நகரமோ வழக்குத் தொடரலாம். அப்போது நீதிமன்றம் மூன்று விஷயங்களை ஆராயும். சட்டத்தின் நிபந்தனைகள் முற்றும் நிறைவேறினவா? சொன்ன சேவைகளைப் புதிய நகரம் தக்க காலத்துக்குள் செய்யக்கூடுமா? நகரம் அமைவது நியாயமானதா? இம்மூன்றாவது கேள்விக்கு விடை காணும்போது அண்டை நகரங்களுக்கு நேரக்கூடிய தீமையையும் கருதவேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை.

2. பிணக்கின் மூலம்

லூயிசியானாவில் ஜில்லாவைப் 'பாரிஷ்' என்று அழைப்பார்கள். தலைநகரான பேட்டன் ரூஜும், அதைச் சூழ்ந்த கிழக்கு பேட்டன் ரூஜ் பாரிஷும் 1949-ம் வருஷம் முதல் ஒரே கூட்டு நிர்வாகத்தின்கீழ் வந்தன. நகர எல்லைக்கு வெளியே தென்கிழக்கில் இருந்த பகுதியில் வீடுகளும் கடைகளும் பெருகின. அங்கே வசூலான விற்பனை வரி கூட்டு நிர்வாகத்தின் பொதுக் கஜானாவுக்குச் சென்றது.

அப்பகுதியாரில் பலருக்கு முதற் குறை பள்ளிக்கூடங்களைப் பற்றியது. தங்களுக்குத் தனிப் பள்ளி நிர்வாகம் வேண்டுமென்று 2012, 2013-ம் வருஷங்களில் மாகாணச் சட்டசபை மூலம் முயன்றார்கள். போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அதே பாரிஷில் சென்ட்ரல் என்னும் பகுதி 2005-ல் தனி நகரமாகி, 2007-ல் தன் பள்ளிகளைத் தானே நடத்தத் தொடங்கியிருந்தது. அவ்வழியே செல்வதென்று செயின்ட் ஜார்ஜ் பகுதியாரும் தீர்மானித்தார்கள்.

எதிர்த்தவர்களின் வாதமும் இலேசானதன்று. பிரிந்து செல்ல விரும்பிய பகுதி செல்வத்தில் உயர்ந்தது, வெள்ளையர் மிகுந்தது. பேட்டன் ரூஜ் நகரத்தில் கறுப்பின மக்களும் ஏழைகளும் அதிகம். வருமானமுள்ள பகுதி விலகிவிட்டால், மிஞ்சியிருப்பவர்களே பொதுச் செலவின் சுமையைத் தாங்கவேண்டி வரும் என்பது அவர்கள் கூறியது. ஒரு சாரார் இதைச் சுய ஆட்சி என்றனர். மற்றொரு சாரார் பாகப் பிரிவினை என்றனர்.

3. 71 ஒப்பங்கள்

முதல் விண்ணப்பம் 1 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசித்த பெரிய பகுதியை எல்லையாகக் கொண்டது. ஒப்பம் திரட்டும் வேலை நடக்கும்போதே எல்லையைப் பற்றிய போட்டியும் நடந்தது. 'மால் ஆப் லூயிசியானா' என்னும் பெரிய வணிக வளாகம் 2014-ல் பேட்டன் ரூஜ் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. வரி தரும் இடம் எந்த எல்லைக்குள் அமைகிறதோ, அந்த எல்லைக்கே அதன் பலன் என்பதை இரு சாராரும் உணர்ந்திருந்தார்கள்.

எதிர்ப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று, ஒப்பமிட்டவர்களிடம் தங்கள் பெயரை நீக்கிக்கொள்ளும் படிவங்களையும் வாங்கினார்கள். முடிவில் 2015-ம் வருஷத்தில் அதிகாரி ஒப்பங்களை எண்ணியபோது, வேண்டிய தொகைக்கு 71 குறைந்தது. 17,000-க்கு மேற்பட்ட ஒப்பங்கள் செல்லுபடியாகியும் விண்ணப்பம் வீழ்ந்தது. சட்டம் ஓர் அளவைக் குறித்திருந்தால், அதற்கு அருகில் சென்றவனும் வெகு தூரத்தில் நின்றவனும் அதன் முன் ஒன்றே.

4. இரண்டாம் முயற்சி

2018-ல் விண்ணப்பக்காரர்கள் மீண்டும் தொடங்கினார்கள். இம்முறை எல்லையைக் குறுக்கிக்கொண்டார்கள். புதிய எல்லைக்குள் ஏறத்தாழ 86,000 பேர் வசித்தனர். முன்பு ஆதரவு குறைந்திருந்த இடங்கள் பல விடப்பட்டன. சுமார் 13,000 ஒப்பங்கள் வேண்டியிருக்க, 14,000-க்கு மேற்பட்டவை செல்லத்தக்கவை என்று 2019-ல் அத்தாட்சி கிடைத்தது. எல்லையைத் தங்களுக்கு ஏற்றவாறு வரைந்துகொண்டார்கள் என்று எதிர்ப்பாளர் குறை கூறினர்; விரும்பாதவர்களைக் கட்டாயமாக இழுக்காமல் விட்டோம் என்று விண்ணப்பக்காரர்கள் விடை கூறினர்.

2019 அக்டோபர் 12-ந் தேதி தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 54 பேர் நகரம் வேண்டுமென்றனர். புதிய எல்லைக்குள் வசித்தவர்களுக்கு மாத்திரமே வாக்கு உண்டு. வருமானத்தை இழக்கக்கூடிய மற்றப் பகுதியாருக்கு வாக்கு இல்லை. அவர்களுடைய நியாயத்தைச் சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்த இடம் நீதிமன்றமே. கூட்டு நிர்வாகத்தின் மேயர் முதலானோர் அவ்வருஷமே வழக்குத் தொடர்ந்தனர்.

5. மூன்று நீதிமன்றங்கள்

முதல் நீதிமன்றம் 2022-ல் நகரம் அமைவது நியாயமன்று என்று தீர்ப்பளித்தது. புதிய நகரத்தின் வரவு செலவில் துண்டு விழும் என்பதும், பேட்டன் ரூஜ் நிர்வாகம் ஆண்டுதோறும் சுமார் 480 லட்சம் டாலர் வருமானத்தை இழக்கும் என்பதும் அதன் காரணங்கள்.

மேல் முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் அதே முடிவுக்கு வேறு வழியாக வந்தது. சேவைகளைச் செய்வதற்குச் சட்டம் கேட்கும் திட்டம் விண்ணப்பத்தில் முறைப்படி இல்லை. ஆகவே விண்ணப்பமே குறையுள்ளது என்றது. பல்லாயிரம் பேர் ஒப்பமிட்டு, தேர்தலும் நடந்த பின்னர், முதற் காகிதத்தில் எழுதவேண்டிய ஒரு பகுதியின் குறைவினால் யாவும் அழியும் நிலை ஏற்பட்டது.

மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ந் தேதி அத்தீர்ப்புகளை மாற்றியது. புதிய நகரம் தான் கூறிய சேவைகளைச் செய்யக்கூடும் என்றும், அது அமைவது நியாயமானதே என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். நீதிபதிகள் யாவரும் ஒருமித்த கருத்தினர் அல்லர். எனினும் பெரும்பான்மையின் தீர்ப்பே சட்டமாயிற்று. தேர்தல் முடிந்து 4 வருஷங்களுக்கு மேல் ஆன பின்பு செயின்ட் ஜார்ஜ் நகரமாயிற்று.

அதன்பின்பும் காரியங்கள் முற்றும் தீர்ந்துவிடவில்லை. 100 டாலர் விற்பனைக்கு 2 டாலர் வீதம் வசூலாகும் வரி புதிய நகரத்துக்கு எப்போது, எவ்வாறு சேரும் என்பதைப் பற்றிப் பிணக்கு எழுந்தது. முதற் குறையாகிய பள்ளி நிர்வாகமும் நகரம் அமைந்ததனால் தானே வந்துவிடவில்லை. அதற்கு மாகாண அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டும். அத்திருத்தத்துக்கு மாகாண ஜனங்களின் வாக்கும் வேண்டும்.

6. யாருடைய வாக்கு?

இவ்வகை வழக்குகளின் உள்ளே ஒரு பழைய கேள்வி மறைந்திருக்கிறது: எல்லையை மாற்றும்போது யாருடைய சம்மதத்தைக் கேட்பது? பென்ஸில்வேனியா மாகாணத்தில் அலகேனி என்னும் சிறு நகரம், அண்டையிலிருந்த பிட்ஸ்பர்க் என்னும் பெருநகரத்தோடு இணைக்கப்பட்டது. இரு நகரத்தாரின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டி எண்ணினார்கள். அலகேனியின் பெரும்பான்மையோர் வேண்டாமென்றும், பிட்ஸ்பர்க்கின் மிகுந்த வாக்குகளால் இணைப்பு நிறைவேறியது. அலகேனியார் வழக்காடினார்கள். நகரங்கள் மாகாணத்தின் படைப்புகளே. அவற்றின் எல்லையை மாகாணம் தன் விருப்பப்படி மாற்றலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1907-ல் கூறிவிட்டது.

அலகேனியில் எல்லோரையும் கேட்டார்கள். சிறியவர்களின் குரல் அமுங்கியது. செயின்ட் ஜார்ஜில் உள்ளே இருப்பவர்களை மாத்திரம் கேட்டார்கள். வெளியே இருப்பவர்களின் குரல் தேர்தலில் எழவில்லை. எந்த முறையை மேற்கொண்டாலும் ஒரு சாராருக்குக் குறை நேர்கிறது. இக்குறையை ஓரளவு ஈடு செய்வதற்கே லூயிசியானாவின் சட்டம் நியாயமா என்னும் கேள்வியை நீதிபதியிடம் விட்டிருக்கிறது.

7. அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை

முதலாவது, ஒப்பம் என்பது எண்ணிக்கைக்கு உட்பட்டது. நீக்கப்படக்கூடியவை, செல்லாதவை ஆகியவற்றுக்கும் இடம் வைத்து, வேண்டிய தொகைக்கு மேலாகவே திரட்டுவது அறிவுடைமை.

இரண்டாவது, எல்லை வெறும் கோடன்று. அதுவே வருமானமும் செலவுமாகும். பெரிய எல்லையில் வருமானமும் எதிர்ப்பும் பெருகும். சிறிய எல்லையில் இரண்டும் சுருங்கும்.

மூன்றாவது, திட்டம் விண்ணப்பத்திலேயே தெளிவாக இருக்கவேண்டும். பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது நீதிமன்றத்தில் குற்றமாக நிற்கும்.

நான்காவது, அண்டையாரின் நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்குப் பரிகாரமும் சொல்லுவது நலம். செயின்ட் ஜார்ஜ் வழக்கில் வருஷக்கணக்கில் வாதிக்கப்பட்டது பெரும்பாலும் இந்தக் கணக்கே.

ஐந்தாவது, அடைய விரும்பிய பொருள் எது, அதற்குத் தேடிய கருவி எது என்பதை மறத்தலாகாது. பள்ளிக்காக நகரத்தைத் தேடியவர்கள் நகரத்தைப் பெற்ற பின்பும் பள்ளிக்கு வேறொரு வாயிலைத் தட்டவேண்டியிருந்தது.

பெரும்பான்மை பெற்றுவிட்டால் காரியம் முடிந்தது என்பது தவறான எண்ணம். பெரும்பான்மை வாயிலைத் திறக்கும். உள்ளே சென்று நிலைப்பதற்குச் சட்டமும் கணக்கும் அண்டையாரிடம் நியாயமும் துணை நிற்கவேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய கேள்விகள்

1. வெளியேற விரும்பும் பகுதியார் மாத்திரம் வாக்களிப்பது முறையா? அன்றி, பாதிக்கப்படும் யாவரும் வாக்களிப்பது முறையா? ஒவ்வொன்றிலும் யாருக்குக் குறை நேரும்?

2. ஒப்பமிட்டவர் பின்னர்த் தம் பெயரை நீக்கிக்கொள்ளச் சட்டம் இடந்தர வேண்டுமா? எத்தனை நாள் வரையில்?

3. செல்வமுள்ள பகுதி பிரிந்தால், எஞ்சிய பகுதியின் பொதுச் செலவுக்கு அது சில காலம் பங்கு கொடுக்கவேண்டும் என்று விதிப்பது நியாயமாகுமா?

4. முதல் விண்ணப்பம் 71 ஒப்பங்களால் வீழ்ந்தது சரியே என்று வாதிக்கவும், தவறே என்று வாதிக்கவும் இரு அங்கத்தினர்களை நியமித்து, சபையார் முடிவு கூறுக.