சேலம், நாமக்கல் சமவெளியிற் புள்ளியிலைச் செடிகள்

மலரால் அழகு பெறும் செடிகள் பல. இலையாலேயே அழகு பெறுவன சில. குரோட்டன், கலாடியம், டீபன்பாக்கியா ஆகியவை இப்பிற்பட்ட வகையின. விரும்பி வாங்கிவந்த இச்செடிகள் நம் சமவெளி வீடுகளில் அடுத்த சித்திரைக்குள் மடிதலை யாம் பலகாற் கண்டுள்ளோம். வெயிலின் கொடுமை என்று கூறி அமைவாருளர். வெவ்வேறு குலத்தனவற்றை ஒரே திண்ணையில் நிறுத்தி, ஒரே அளவாய் நீர் வார்த்தலே காரணம் என்பது எம் கருத்து.

தோட்டத்துக் குரோட்டனுக்குத் தாவர நூலார் இட்ட பெயர் கோடியேயம் என்பது. குரோட்டன் என்னும் பெயர் அவர் வழக்கில், நம் சித்த மருத்துவர் பேதி மருந்தாய்க் கொள்ளும் நேர்வாளத்தின் இனத்துக்கே உரியது. பெயர் மாறினும் உறவு பொய்க்கவில்லை. இவ்விரண்டும், ஆமணக்கும், சவ்வரிசிக்கு மூலமான மரவள்ளியும் ஒரே குடும்பத்தன. மரவள்ளி நம் மேட்டு நிலத்தில் வெயிலில் நிற்றலைக் கண்டவர் குரோட்டனை வெளியில் வைக்க அஞ்சவேண்டுவதில்லை. நிழலில் அதன் செம்மையும் பொன்மையும் மங்கிப் பசுமையே மிகும். ஆயின் நிழலில் வளர்ந்த கன்றைச் சிறிது சிறிதாகவே வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும்.

மற்றையிரண்டும் அமெரிக்க வெப்பநாட்டுக் காட்டு நிழலில் பிறந்தவை. நம் சேம்புக்கும் கருணைக்கும் சுற்றம். இலையின் வெண்புள்ளியில் பச்சையம் இல்லை. ஆகலின் அப்பகுதி உணவு சமைப்பதில்லை. இருட்டறையில் இவை மெலியும். உச்சி வெயிலில் அவ்வெண்மையே முதலிற் கருகும். காலை இளவெயில் படும் கிழக்குத் தாழ்வாரமே தக்க இடம்.

கலாடியத்தின் இலைகள் ஓய்வுக் காலத்தில் பழுத்து உதிரும். செத்ததென்று தொட்டியைக் கவிழ்த்துவிடுவோர் பலர். மண்ணுள்ளே கிழங்கு உறங்குகின்றது. அப்போது நீரை நிறுத்தி உலர்ந்த நிழலில் வைத்தால், கோடை மழையோடு மீண்டும் முளைக்கும். விதை மஞ்சளைக் காத்துவைக்கும் உழவர்க்கு இதனை நாம் கற்பிக்க வேண்டா! உறங்கும் கிழங்குக்கு நீர் வார்ப்பின் அழுகும்.

நீரிலும் ஒரு குறையுண்டு. உப்பு மிகுந்த கிணற்று நீரால் தொட்டியின் விளிம்பில் வெண்பொருக்குப் படியும், இலைநுனி பழுப்பாகும். ஐப்பசி மழைநீரைச் சேர்த்துவைத்து வார்த்தல் நன்று. நாமக்கற் பக்கத்தில் எளிதிற் கிடைக்கும் கோழியெருவைப் புதிதாய் இடின் வேர் வெந்துவிடும். நன்கு மக்கியதைச் சிறிதளவே இடுக. வறண்ட காலத்தில் இலையடியில் செஞ்சிலந்திப் பேன் பற்றும். நீரால் அடிப்புறத்தைக் கழுவினால் பெரும்பாலும் குறையும்.

டீபன்பாக்கியாவைப் பற்றி மட்டும் சற்று அழுத்திக் கூறவேண்டும். கருணைக்கிழங்கில் நா அரிக்கச் செய்யும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் இதன் தண்டிலும் இலையிலும் உள்ளன. கருணையைப் புளியிட்டு வேகவைத்து உண்கின்றோம்; இதனையோ தவழும் குழந்தை பச்சையாகவே கடித்துவிடக்கூடும். கடித்தால் நாவும் தொண்டையும் வீங்கிப் பேச்சு எழாது. இதுபற்றியே ஆங்கிலத்தில் இதற்கு ஊமைத்தண்டு எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. கலாடியத்திலும் இப்படிகங்கள் உண்டு. நறுக்கிய கையாற் கண்ணைத் தொடலாகாது. குழந்தை கடித்ததாயின் வாயைத் துடைத்துக் கழுவி, தாமதியாது மருத்துவரிடம் கொண்டுசெல்க. சிறுவருள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வைக்க. இயலாதெனின் குரோட்டனோடு அமைக. அதுவும் முற்றத்துக்கு வெளியே, பாலால் கையில் அரிப்புண்டாதலின்.