மேப் சென்சாரை மாற்றுவதற்கு முன்

பெட்ரோல் கார் ஐடிலிங்கில் துடிக்கிறது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0106, பி0107, பி0108 என்ற பிழைக் கோடுகளில் ஒன்று வருகிறது. உடனே புது மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) வாங்கி மாட்டிவிடுவதுதான் பரவலான பழக்கம். ஆனால் அந்தக் கோடு சென்சாரைக் குற்றம் சொல்லவில்லை. 0107 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு, 0108 என்றால் மிக அதிகம், 0106 என்றால் அழுத்த அளவு இன்ஜின் ஓட்டத்தோடு பொருந்தவில்லை. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினைக் கிளப்பாதீர்கள். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் மேப் அளவைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது மேனிஃபோல்டில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 88 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். 83 மீட்டர் மலைக்கோட்டையின் உச்சிக்கே போனாலும் ஒரு கிலோபாஸ்கல்தான் குறையும். ஆகவே ஸ்ரீரங்கத்தில் பார்த்தாலும் பொன்மலையில் பார்த்தாலும் 98 முதல் 101-க்குள் வர வேண்டும். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் 80-க்குக் கீழே காட்டுவது கோளாறல்ல, அங்குள்ள காற்றே அவ்வளவுதான்.

பலர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். இன்ஜின் சூடானபின், ஏசியை நிறுத்தி, ஐடிலிங்கில் விடுங்கள். நல்ல இன்ஜினில் பொதுவாக 28 முதல் 40 வரை காட்டும். 55 காட்டினால் "சென்சார் தப்பாகச் சொல்கிறது" என்கிறார்கள். சற்று முன் 100-ஐச் சரியாகச் சொன்ன சென்சார் இப்போது மட்டும் பொய் சொல்ல வாய்ப்பு குறைவு. மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்மையிலேயே போதவில்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், இன்டேக் கேஸ்கெட் ஆகியவற்றில் காற்று கசிகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, எண் இறங்குகிறதா என்று பாருங்கள். கசிவு இல்லையென்றால் டைமிங் செயின் பல் தாண்டியிருக்கலாம், சைலன்ஸர் அடைத்திருக்கலாம். கசிவைத் தேட, சூடான இன்ஜின்மேல் பெட்ரோலோ எளிதில் தீப்பிடிக்கும் ஸ்பிரேயோ அடிக்கவே கூடாது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மிதித்தால் எண் உடனே 100-ஐ நெருங்க வேண்டும். மெதுவாக ஏறினால் சென்சாரின் துளையோ அதன் ஹோஸோ அடைத்திருக்கும். சுத்தம் செய்து மறுபடி பாருங்கள்.

நிறுத்திய நிலையிலேயே எண் தப்பாக இருந்தால் வயரிங்கைப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரால் சப்ளை வயருக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். எர்த் விட்டுப்போனால் எண் உயர்ந்தே நிற்கும். 5 வோல்ட் வராவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். பல கார்களில் அதே 5 வோல்ட்டை வேறு சென்சார்களும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலே மேப் சென்சார் பட்டினி கிடக்கும். மற்றவற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் கோளாறு. சப்ளை, எர்த், சிக்னல் வயர் மூன்றும் நன்றாக இருந்தும் எண் தப்பினால், அப்போது சென்சாரை மாற்றுங்கள்.

"மாற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை, இத்தனை சோதனை எதற்கு?" என்று கேட்கலாம். கழற்றி மாட்டும்போது தளர்ந்த கனெக்டர் இறுகிக் கார் தற்காலிகமாகச் சரியாகிவிடும். பழி பழைய சென்சார்மேல் விழும், கோளாறு அடுத்த மழையில் திரும்பும். டீசல் காருக்கு ஐடிலிங் சோதனை பொருந்தாது; அங்கே பெட்ரோல் இன்ஜினைப்போல் வெற்றிடம் உண்டாவதில்லை. ஆனால் நிறுத்திய நிலையில் 100 என்ற கணக்கு டீசலுக்கும் உண்டு. அந்த ஓர் எண்ணை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய பிறகே புது சென்சாருக்குச் சம்மதியுங்கள்.